வாசகர் கேள்வி பதில்: வானத்து நுண்ணலையில் நியூட்ரினோவை எண்ணுவது எப்படி?

இந்த மாதக் கேள்விகள் எல்லாம் ஒரே ஊரிலிருந்து, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து. அங்கே தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பெருவெடிப்பைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சு பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரைச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை, கடைசியில் ஆளாளுக்குக் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் திணித்துவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால், என்ன செய்கிறவர் என்பது மட்டும்.

படிவம் ஐந்து மாணவி: ஐயா, துகளை ஆராய ஜெனிவா பக்கத்தில் 27 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டி வைத்திருக்கிறார்கள். நீங்களோ வானத்து நுண்ணலையை வைத்தே துகளை ஆராயலாம் என்கிறீர்கள். தொலைநோக்கியில் துகள் எப்படித் தெரியும்?

தெரியாதும்மா. ஒரு துகள்கூடத் தெரியாது. அந்தத் தொலைநோக்கி அளப்பதெல்லாம் வெப்பநிலைதான், வானத்தின் இந்த மூலையில் எவ்வளவு, அந்த மூலையில் எவ்வளவு என்று. எந்தப் பக்கம் திருப்பினாலும் கிட்டத்தட்ட ஒரே விடை: 2.725 கெல்வின், அதாவது நீர் உறையும் நிலைக்கும் 270 டிகிரி கீழே. இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு, ஆனால் அது இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். நீ கேட்கிற துகள் சமாசாரம் முழுக்க அந்த இலட்சத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கிறது.

பிரபஞ்சத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டு. அதில் முதல் 380,000 ஆண்டுகள் எங்கு பார்த்தாலும் கொதிக்கும் பிளாஸ்மா. எலெக்ட்ரான்கள் அணுவுக்குள் அடங்காமல் திரிந்ததால் ஒளியால் நேராகப் போக முடியவில்லை, மோதி மோதித் திரும்பிக்கொண்டே இருந்தது. சூடு 3,000 டிகிரிக்கு இறங்கியதும் எலெக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுவாகின, ஒளிக்கு வழி கிடைத்தது. அன்று கிளம்பிய ஒளிதான் இன்று நம்மிடம் வந்து சேர்கிறது. நடுவில் வெளி சுமார் 1,100 மடங்கு விரிந்துவிட்டதால் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டு நுண்ணலை ஆகிவிட்டது. இது எங்கேயோ தொலைவில் மட்டும் இருக்கிற சங்கதி என்று நினைக்காதே, நீ உட்கார்ந்து படிக்கிற அறையிலும் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கு அந்தப் பழைய ஒளித்துகள் 411 இருக்கிறது.

சரி, துகளுக்கு வருவோம். அந்தப் பிளாஸ்மாவுக்குள் ஓயாத இழுபறி ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கே அடர்த்தி கொஞ்சம் கூடுதலோ அங்கே ஈர்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும், இழுத்து நெருக்க நெருக்க ஒளியின் அழுத்தம் ஏறி வெளியே தள்ளும், தள்ளிய பிறகு மறுபடி ஈர்ப்பு. இது அசல் ஒலி அலைதான். நம் ஊர்த் திருவிழாவில் ஊர்வலம் முச்சந்தி திரும்பும் முன்பே, வருவது உறுமியா தவிலா, தோல் இறுக்கமாக இருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, வானியலாளர் செய்வதும் அதுதான். பிளாஸ்மாவுக்குள் என்னென்ன கலந்திருந்ததோ அதைப் பொறுத்து அதிர்வு மாறும். ஒளி கிளம்பிய நேரத்தில் எந்த அலை எந்தக் கட்டத்தில் நின்றதோ அது அப்படியே சூட்டுப் புள்ளியும் குளிர்ப் புள்ளியுமாக வானத்தில் பதிந்துவிட்டது.

அந்தப் புள்ளிகளை அளவுவாரியாகப் பிரித்து வரைபடம் போட்டால் முகடு முகடாக வரும். முதல் முகடு வானத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி அகலத்துக்கு உரியது, அதாவது இரண்டு முழு நிலாவை ஒட்டி வைத்த அகலம். அணுப்பொருள் கூடுதலாக இருந்தால் உள்ளே விழுகிற கட்டத்துக்கு எடை கூடி, முதல் முகடு இரண்டாவதைவிட ஓங்கி நிற்கும். ஒளியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருளின் கை மூன்றாவது முகட்டில் தெரியும். நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, எதோடும் அநேகமாக மோதாத மிக லேசான துகள்; அதன் வகைகள் கூடினால் வலப்பக்கத்துச் சின்னச் சின்ன முகடுகள் தேயும். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் கை வைப்பதால்தான் கலவையைப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

ஆனால் ஒன்று. ஜெனிவாச் சுரங்கத்தில் இரண்டு புரோட்டான்களை 13.6 டெராஎலெக்ட்ரான் வோல்ட்டில் மோதவிட்டு, பிறந்த துகளைத் தனியாகப் பிடித்து நிறுத்தி நீ யார், உன் மின்னூட்டம் என்ன என்று கேட்க முடியும். வானத்தில் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். அதனால் ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை.

முன்பு தொலைக்காட்சி பழுது பார்த்தவர்: பழைய டிவியில் சேனல் வராத இடத்தில் எறும்பு மொய்க்கும். அதில் பெருவெடிப்பு தெரியும் என்று பேரன் ஏதோ காணொளியில் பார்த்துவிட்டுச் சொல்கிறான். அந்த எறும்பைப் போக்கத்தானே நான் வாழ்நாள் முழுக்கக் கூரை கூரையாக ஏறி ஏரியலைத் திருப்பினேன்?

பேரன் சொன்னது சரிதான் அண்ணே, ஆனால் நூற்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் பெட்டிக்குள்ளேயே பிறக்கிற மின்னணு இரைச்சல், பக்கத்து வீட்டு மோட்டார், சூரியன், பால்வீதி. 2019-இல் நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், இப்போதைய பெட்டி சிக்னல் இல்லை என்றால் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். உங்கள் கொட்டகையில் பழைய பெட்டி ஏதாவது கிடந்தால் பேரனுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இந்தக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த இருவர் பட்ட பாடும் ஏறக்குறைய உங்கள் பாடுதான். 1964-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் ஹோம்டெல் என்ற இடத்தில், ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் பெரிய கொம்பு வடிவ ஆண்டெனாவை வைத்துக்கொண்டு 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை பார்த்தார்கள். இருக்க வேண்டியதைவிட 3.5 டிகிரி அளவுக்கு இரைச்சல் கூடுதல். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலானாலும் இரவானாலும் அதே இரைச்சல். இணைப்புகளைச் சரிபார்த்தார்கள், ஆணி அடித்த இடத்திலெல்லாம் அலுமினிய நாடா ஒட்டினார்கள், உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. 1965-இல் அது வானத்திலிருந்தே வருகிறது என்று வெளியிட்டார்கள், 1978-இல் நோபல்.

இப்படி ஒரு மிச்சச் சூடு 5 டிகிரி அளவில் இருக்க வேண்டும் என்று ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள், யாரும் தேடிப் பார்க்கவில்லை. பரிசு வந்தபோது அவர்களுக்குப் பங்கும் இல்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம்.

பல்கலைக்கழக மாணவர், இயற்பியல்: நியூட்ரினோ மூன்று வகை என்று ஜெனிவாவில் இருக்கிற செர்ன் ஆய்வகத்தில் ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. அதையே வானத்தில் திரும்ப எண்ணுவது எதற்கு?

நல்ல கேள்வி தம்பி, உன் வயதில் எனக்கும் இதே சந்தேகம். அங்கே எண்ணியது இப்படி: அந்த 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் முன்பு எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டார்கள், 1989-இல் தொடங்கிய வேலை. அதில் பிறக்கும் இசட் போசான் என்ற கனமான துகள் எத்தனை வகை நியூட்ரினோவாகச் சிதைய முடியுமோ, அதற்கு ஏற்ப அதன் ஆயுள் குறையும். அளந்து பார்த்தால் 2.984, கூடக்குறைய 0.008. மூன்றுதான். ஆனால் இசட் போசானோடு உறவு வைத்துக்கொள்கிற நியூட்ரினோ மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும். அதோடு பேச்சுவார்த்தையே இல்லாத வகை ஒன்று இருந்தால், இசட்டுக்கு அது தெரியவே தெரியாது.

வானத்துக் கணக்கு வேறு வழி. நீ யாரோடு உறவு வைத்திருக்கிறாய் என்று அது கேட்பதில்லை, எவ்வளவு ஆற்றல் சுமக்கிறாய் என்று மட்டும் கேட்கும். பெருவெடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வினாடி கழித்து நியூட்ரினோக்கள் மற்றவற்றை விட்டுப் பிரிந்து தன் போக்கில் பறக்க ஆரம்பித்தன. எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒளியைச் சூடாக்கிய பிறகு பார்த்தால், ஒளி, நியூட்ரினோ இரண்டும் சேர்ந்த ஆற்றலில் நியூட்ரினோவின் பங்கு 41 விழுக்காடு. இவ்வளவு பெரிய பங்காளி இருந்தால் பிரபஞ்சம் விரியும் வேகமும் கூடும். விரிவு வேகமானால் ஒலி அலை ஓடக் கிடைக்கிற நேரம் குறையும், சின்ன அலைகள் எந்த அளவுக்கு மங்கும் என்ற விகிதம் மாறும். நுண்ணலை வானத்தை அளந்த ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவு: 2.99, கூடக்குறைய 0.17. கொள்கைப்படி வர வேண்டியது 3.044. அந்தப் புள்ளிக்குப் பின்னால் வருகிற எண் எதற்கு என்றால், எலெக்ட்ரான்கள் அழிந்த நேரத்தில் நியூட்ரினோ முழுக்கப் பிரிந்திருக்கவில்லை, அந்தச் சூட்டில் அதற்கும் சொட்டு கிடைத்தது.

ஒன்று பூமிக்கு அடியில், இன்னொன்று 13.8 பில்லியன் ஆண்டுக்கு முந்தைய ஒளியில். சம்பந்தமே இல்லாத இரண்டு கணக்கும் மூன்றில் வந்து நிற்கிறது. இயற்பியலில் என்னைக் கட்டிப்போட்ட இடம் இதுதான்.

இதைவிட நுணுக்கமான தடயமும் உண்டு. பிளாஸ்மாவில் ஒலியின் வேகம் ஒளிவேகத்தில் 58 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நியூட்ரினோவோ கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் ஓடும். அதனால் அலையை முந்திக்கொண்டு போய், தன் ஈர்ப்பால் அதைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கும், முகடுகள் எல்லாம் மயிரிழை இடம் மாறும். 2015-இல் பிளாங்க் தரவுகளில் அந்த இடமாற்றத்தையும் பார்த்துவிட்டார்கள். ஒரு வினாடி வயதுப் பிரபஞ்சத்தின் நியூட்ரினோக்களை நேரடியாகப் பிடிக்க இன்றுவரை வழி இல்லை, ஆனால் ஓடிய தடம் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிளாங்குக்கு முன்பு, 2010 வாக்கில், இதே எண் 4 பக்கம் சாய்ந்திருந்தது, பிழை வரம்பு முக்கால், ஒன்று என்று விரிந்து கிடந்தாலும். நாலாவது நியூட்ரினோ வந்தாயிற்று என்று கட்டுரைகள் குவிந்தன. தரவு நன்றாக வந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. மற்ற மூன்றோடு சமமாகச் சூடேறிய நாலாவது வகைக்கு இப்போது இடமில்லை.

இல்லத்தரசி: எங்கள் மாமா வீடு தமிழ்நாட்டில் போடி பக்கம். அங்கே நியூட்ரினோ வேண்டாம் என்று போராட்டமெல்லாம் நடந்தது. ஆபத்தான பொருள்தானே இது?

அதே நியூட்ரினோதான் அம்மா, ஆனால் அதனால் ஆபத்து இல்லை. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு வினாடியும் உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் 65 பில்லியன் நியூட்ரினோ ஊடுருவிப் போகிறது, இரவிலும் கூட, பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலாக. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டத் திட்டம் போட்டார்கள், அங்கே மக்கள் கேட்டது மலையைக் குடைவது பற்றி, தண்ணீர் பற்றி, காடு பற்றி. அது நியாயமாகப் பேச வேண்டிய வேறு விஷயம், இரண்டையும் குழப்பியதில்தான் வதந்தி வளர்ந்தது.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல ஆசை. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை. முடிவு வெளியான ஆண்டு 1965, நுண்ணலை இரைச்சல் செய்தி வந்த அதே ஆண்டு. அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அதே ஊர்களிலிருந்து கப்பலேறி இங்கே பால்மரக் காட்டுக்கு வந்தவர்களும் உண்டு.

கணித ஆசிரியர்: நியூட்ரினோவுக்கு எடை உண்டு, ஆனால் எவ்வளவு என்று தெரியாது என்றீர்கள். எடையே தெரியாத பொருளை ஒளியை வைத்து எப்படி நிறுப்பது?

எடை உண்டு என்பது, ஒரு வகை நியூட்ரினோ போகிற வழியில் இன்னொரு வகையாக மாறுகிறது என்பதிலிருந்து வந்தது. கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் 2015-இல் நோபல் கிடைத்தது அதற்குத்தான். அந்த மாற்றம் எடைகளின் வித்தியாசத்தை மட்டும் காட்டும், மொத்தத்தைக் காட்டாது. ஆனாலும் அதிலிருந்து ஒரு தரைமட்டம் கிடைக்கிறது: மூன்றையும் கூட்டினால் 0.06 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் (துகளின் எடையையும் ஆற்றலையும் சொல்கிற அலகு) குறையக் கூடாது, எடை வரிசை தலைகீழாக, அதாவது இரண்டு கனமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தால் 0.1. ஒப்பிட்டுப் பார்க்க, எலெக்ட்ரானின் எடை 511,000.

வானத்தில் நிறுப்பது இப்படி. அந்தப் பழைய ஒளி நம்மை நோக்கி வருகிற வழியெல்லாம் விண்மீன் மண்டலங்கள், அவற்றின் ஈர்ப்பு. ஒளி ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வருவதால் புள்ளிகளின் ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும். எவ்வளவு கலங்கல் என்று அளந்தால் வழியில் பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்று தெரியும். நியூட்ரினோ வேகமாக ஓடுவதால் திரளாது, அதன் எடை கூடக் கூட மற்றவை திரள்வதும் தடைப்படும். இந்தத் தடையைப் பார்த்து, பிளாங்கும் விண்மீன் மண்டல வரைபடங்களும் சேர்ந்து சொன்ன வரம்பு: மூன்றும் சேர்ந்து 0.12-க்குள். அரிசோனாவில் டெசி என்ற கருவி புதிதாக மண்டலங்களை எண்ணியதும் அது 2024-இல் 0.072 ஆனது, அடுத்த ஆண்டு 0.064. நீங்கள் கணக்கு வாத்தியார், பார்த்ததும் புரிந்திருக்கும்: தரைமட்டம் 0.06. மேற்கூரை இறங்கி இறங்கித் தரையை முட்டப் போகிறது.

முட்டினால் என்ன? இரண்டில் ஒன்று. எடை வரிசை தலைகீழ் இல்லை என்று முடிவாகும், அல்லது நாம் போட்ட கணக்கின் அனுமானம் ஏதோ தவறு. நான் இரண்டாவதன் மேல்தான் அதிகம் சந்தேகப்படுவேன். இந்த வரம்பெல்லாம், பிரபஞ்ச விரிவை முடுக்கிவிடுகிற இருள் ஆற்றல் காலத்தால் மாறாது என்று வைத்துப் போட்டது. அது மாறலாம் என்று விட்டுக்கொடுத்தால் வரம்பு 0.16 வரை தளர்ந்துவிடுகிறது. வானத்து முடிவுகளைச் செய்தியில் படிக்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் எதை நம்பிப் போட்ட எண் என்றும் பார்க்க வேண்டும்.

தரையிலும் நேரடியாக நிறுக்கிறார்கள், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரில். அங்கே இதுவரை கிடைத்த வரம்பு ஒரு நியூட்ரினோவுக்கு 0.45 எலெக்ட்ரான் வோல்ட். அனுமானம் குறைவு, துல்லியமும் குறைவு. அந்தக் கருவியின் 200 டன் தொட்டி செய்த இடம் அங்கிருந்து 400 கிலோமீட்டர்தான். சாலையில் போகாத அளவு பெரிசு என்பதால் 2006-இல் டான்யூப் ஆறு, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், ரைன் ஆறு என்று சுற்றி ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து சேர்ந்தது. ஊருக்குள் வீட்டுக் கூரைகளை உரசுகிற மாதிரி அது நுழைகிற படம் இணையத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

செம்பனை லாரி ஓட்டுநர்: கரும்பொருள் கரும்பொருள் என்கிறீர்களே சார், அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, இல்லை கணக்கு உதைக்கிறதை மறைக்க வைத்த பெயரா?

கேட்க வேண்டிய கேள்விதான். விண்மீன் மண்டலங்கள் சுழல்கிற வேகத்தை மட்டும் வைத்துப் பேசினால் ஈர்ப்பு விதியையே மாற்றிவிடலாமே என்று சொல்ல இடம் இருக்கிறது. நுண்ணலையில் அது சுலபம் இல்லை. முதல் பதிலில் சொன்ன இழுபறியில், அணுப்பொருளை ஒளி வெளியே தள்ளும். ஒளியோடு சம்பந்தமே இல்லாத பொருள் ஒன்று இருந்தால் அது தள்ளப்படாமல் உள்ளேயே விழுந்துகொண்டிருக்கும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் மூன்றாவது முகடு இரண்டாவதைவிடத் தெளிவாகத் தாழ வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமம். அதிலிருந்து வருவதுதான் அணுப்பொருள் 5 விழுக்காடு, கரும்பொருள் 27, மிச்சம் இருள் ஆற்றல் என்ற கணக்கு.

அது என்ன துகள் என்று மட்டும் நுண்ணலை சொல்லாது. துகள்தானா என்றுகூடச் சத்தியம் செய்ய முடியாது. என்னவாக இருக்க முடியாது என்று சொல்லும். ஒன்றையொன்று மோதி அழித்துக்கொள்கிற துகளாக இருந்தால் அந்த ஆற்றல் ஹைட்ரஜன் அணுக்களை உடைத்துக்கொண்டே இருந்திருக்கும், வரைபடம் மங்கியிருக்கும். மங்கவில்லை. அதனால் புரோட்டானைவிடப் பத்து மடங்குக்கும் குறைவான எடையில், பலரும் எதிர்பார்த்திருந்த எளிய வகைகள் பெரும்பாலும் அடிபட்டுப் போயின.

ஆறாம் ஆண்டு மாணவன்: இந்தத் தொலைநோக்கியைக் கேமரன் மலையில் வைக்க முடியாதா?

முடியாது தம்பி, மலை நல்ல மலைதான், ஈரம்தான் எதிரி. மழை கொட்டும்போது உங்கள் வீட்டுக் கூரை டிஷ்ஷில் படம் நின்றுபோகிறதா? தண்ணீர் நுண்ணலையை விழுங்குகிறது. மழை இல்லாவிட்டாலும் காற்றில் இருக்கிற நீராவி போதும், அது விழுங்குவதோடு தானும் நுண்ணலையை வெளியிடும், 22 கிகாஹெர்ட்சிலும் 183 கிகாஹெர்ட்சிலும் பலமாக. நம் நாட்டுக் காற்றில் அது தாராளம். அதனால்தான் சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் 5,200 மீட்டர் உயரத்திலும் தென்துருவப் பனியிலும் கொண்டுபோய் வைக்கிறார்கள். பிளாங்க் அதுவும் வேண்டாம் என்று 15 இலட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்று, தன் உணரிகளைத் தனிச்சுழியத்துக்கு மேலே 0.1 டிகிரி வரை குளிரவைத்துப் பார்த்தது. உனக்கு வானம் பார்க்க ஆசை என்றால் லங்காவியில் தேசிய ஆய்வகம் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்கு.

பெயரும் தொழிலும் எழுதாதவர்: 2014-இல் ஈர்ப்பு அலையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அப்புறம் தூசி என்றார்களே, அந்தக் கதை என்ன?

மார்ச் 2014. தென்துருவத்து பைசெப்-2 குழு ஹார்வர்டில் செய்தியாளர் கூட்டம் போட்டது. நுண்ணலை ஒளியின் முனைவாக்கத்தில், அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதில், சுழல் வடிவம் ஒன்று தெரிகிறது, அது பிரபஞ்சம் பிறந்த கணத்து ஈர்ப்பு அலைகளின் தடம் என்றார்கள். ஒரு பெரிய விஞ்ஞானியின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்ல, அவர் ஷாம்பேன் திறக்கிற காணொளி உலகம் சுற்றியது. மறு ஆண்டு பிளாங்க் குழுவோடு சேர்ந்து பார்த்ததில், நம் பால்வீதித் தூசி வெளியிடும் நுண்ணலையே அந்த அடையாளத்தை விளக்கப் போதும் என்று ஆகிவிட்டது. அவர்கள் ஒரே ஓர் அலைவரிசையில் பார்த்ததுதான் வினை. தூசியைப் பிரிக்கக் குறைந்தது இரண்டு வேண்டும்.

அதற்காகச் சிரிக்க வேண்டாம். அந்தத் தடம் ஒரு நாள் கிடைத்தால், ஜெனிவாச் சுரங்கத்து ஆற்றலைவிட இலட்சம் கோடி மடங்கு ஆற்றலில் நடந்ததைப் பார்த்த மாதிரி, அந்த அளவுக்குச் சுரங்கம் எந்தக் காலத்திலும் தோண்ட முடியாது. இப்போதைக்கு அவர்களே அந்த அடையாளத்தின் வலிமைக்கு, அடர்த்தி ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட விகிதமாக, 0.036 என்று மேல்வரம்பு போட்டிருக்கிறார்கள், சிலியில் சைமன்ஸ் ஆய்வகம் தேடுகிறது, ஜப்பானின் லைட்பேர்ட் செயற்கைக்கோள் திட்டத்தில் இருக்கிறது. முனைவாக்கத்திலேயே இன்னொரு புதிரும் உண்டு: 2020-இல் மினாமி, கோமாட்சு என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஒளியின் அதிர்வுத் திசை வரும் வழியில் 0.35 டிகிரி திரும்பியிருக்கலாம் என்று எழுதினார்கள். உண்மையானால், இதுவரை கோட்பாட்டில் மட்டும் இருக்கிற ஆக்சியான் மாதிரி ஒரு லேசான துகள் வெளி முழுக்க நிரம்பியிருக்கிறது என்று பொருள். பிழை வரம்பு 0.14 என்பதால் நான் இன்னும் பட்டாசு வாங்கவில்லை.

மறுபடி அந்தப் படிவம் ஐந்து மாணவி, சீட்டின் பின்பக்கத்தில்: இதையெல்லாம் நான் வீட்டில் இருந்தே செய்து பார்க்க முடியுமா? என்னிடம் அண்ணனின் பழைய மடிக்கணினிதான் இருக்கிறது.

முடியும்மா, பழையதே போதும். பிளாங்க் எடுத்த வரைபடங்கள், முகடுகளின் எண் அட்டவணை எல்லாம் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடக்கிறது. முழு வரைபடம் பெரிய கோப்பு, தோட்டத்து இணையத்தில் இறங்க விடிந்துவிடும், அதைத் தொடாதே. எண் அட்டவணை சின்னது. காம்ப் (CAMB) என்று ஒரு மென்பொருள், அதுவும் இலவசம், பைத்தானில் ஓடும். பள்ளியில் கணினி அறிவியல் எடுத்திருந்தால் பைத்தான் உனக்குப் பழக்கமாக இருக்கலாம், இல்லாவிட்டால் ஒரு பள்ளி விடுமுறையில் பிடித்துவிடலாம். அணுப்பொருள் எவ்வளவு, கரும்பொருள் எவ்வளவு, நியூட்ரினோ எத்தனை என்று கொடுத்தால் வானம் எப்படி இருக்க வேண்டும் என்று காம்ப் கோடு போட்டுக் கொடுக்கும், சில வினாடி வேலை. முதலில் நியூட்ரினோ எண்ணிக்கையை 3.044 என்று கொடுத்து, பிளாங்க் புள்ளிகளின்மேல் அந்தக் கோடு எப்படி உட்காருகிறது என்று பார். அப்புறம் மற்ற எதையும் தொடாமல் அதை மட்டும் 4 ஆக்கு. முதல் முகடு உயரும், முகடுகள் எல்லாம் வலப்பக்கம் நகரும், புள்ளிகள் கோட்டை விட்டு விலகும். பிறகு விரிவு வேகத்தையும் கரும்பொருளையும் மாற்றி மாற்றி, 4-ஐ வைத்துக்கொண்டே கோட்டைத் திரும்பப் புள்ளிமேல் உட்காரவைக்க முயன்று பார். முதல் மூன்று முகடு ஓரளவு சொன்னபடி கேட்கும், வால் பகுதி கேட்காது. எங்கே கேட்க மறுக்கிறது என்று குறித்து எனக்கு எழுது, அடுத்த மாதம் அதிலிருந்து தொடங்கலாம்.